அட்டையும் இரகசிய எண்ணும்



தோட்டத்தில் சம்பள நாள் என்றால் ஒரு காலத்தில் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்போம். கிராணி பெயரைக் கூப்பிடுவார். செக்ரோலில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்போம். நோட்டுகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவோம். பணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அதைக் காப்பதும் நமக்குத் தெரிந்த வேலையாகவே இருந்தது.

இன்று சம்பளம் நேராக வங்கிக்குப் போகிறது. பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட்டிலும் சிம்மோரிலும் பீடோரிலும் லயத்தில் வாழ்ந்தவர்களில் பலர் இப்போது தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். ஈப்போவில் தொழிற்சாலைக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அரசாங்க உதவித் தொகையும் ஊழியர் சேமநிதியும் கைத்தொலைபேசி வழியாகவே பார்க்கப்படுகின்றன. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்கு உட்பட்ட சந்தாதாரருக்குப் புதிதாகச் செலுத்தப்படும் சேமநிதித் தொகையில் பத்து விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் சேர்கிறது. அவசரத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நமக்கு எளிதாகத் திறக்கும் கதவு, சாவி பிறர் கையில் சிக்கினால் அவருக்கும் எளிதாகவே திறக்கும்.

அந்தச் சாவியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அது இரும்பால் ஆனதல்ல. சில எண்களும் சில எழுத்துகளுந்தான். நம் பிள்ளைகள் ‘பாஸ்வேர்ட்’ என்கிறார்கள். நாம் இரகசிய எண், இரகசியச் சொல் என்று சொல்லிக்கொள்வோம்.

முதலில் எது இரகசியம், எது இரகசியமல்ல என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

நம்முடைய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். அந்த அட்டையின் வரலாற்றுக்கும் நம் பேராக்கிற்கும் தொடர்பு உண்டு. 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிவு செய்து, படமும் கைரேகையும் கொண்ட அட்டை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பிற்காலத்தில் நீல அட்டை, சிவப்பு அட்டை என்ற வேறுபாட்டால் நம் மக்கள் எவ்வளவு துன்பப்பட்டார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆகவே அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. இன்று நம்மிடம் உள்ள மைகாட் 2001-ஆம் ஆண்டு வந்தது.

அதில் உள்ள 12 இலக்கங்களை உற்றுப் பாருங்கள். முதல் ஆறு, பிறந்த ஆண்டு, மாதம், நாள். 1978-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் பிறந்தவருக்கு அது 780305 என்று தொடங்கும். அடுத்த இரண்டு, பிறந்த மாநிலத்தைக் காட்டும், பேராக்கிற்கு 08. கடைசி இலக்கம் ஒற்றையாக இருந்தால் ஆண், இரட்டையாக இருந்தால் பெண். ஆக, இந்த எண் நம்மை அடையாளம் காட்டவே ஏற்பட்டது. கிளினிக்கில் கொடுக்கிறோம், பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறோம், தொலைபேசி வாங்கும்போது கொடுக்கிறோம். பலருக்குத் தெரிந்த ஒன்று இரகசியமாக இருக்க முடியாது.

2017-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ஒரு செய்தி நினைவிருக்கலாம். மலேசியாவில் 4 கோடியே 62 இலட்சம் கைத்தொலைபேசி இணைப்புகளுக்கு உரியவர்களின் விவரங்கள் களவு போய் இணையத்தில் விற்பனைக்கு வந்திருந்தன. பெயர், முகவரி, அடையாள அட்டை எண், தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 இலட்சந்தான். ஒருவரே இரண்டு மூன்று எண்கள் வைத்திருந்ததால் கணக்கு அவ்வளவு கூடியது. எண் வைத்திருந்த குடும்பங்களில் தப்பியவை மிகக் குறைவாகவே இருக்கும்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். ஒன்று: யாராவது தொலைபேசியில் அழைத்து, நம் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் சரியாகச் சொன்னால், அதனாலேயே அவர் அதிகாரி ஆகிவிடமாட்டார். “எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாரே, பொய்யாக இருக்குமா?” என்று நினைத்தே பலர் ஏமாந்திருக்கிறார்கள். திருடனும் அதே விவரங்களை விலைக்கு வாங்கியிருக்கலாம். இரண்டு: இத்தனை பேருக்குத் தெரிந்த எண்ணை நம் பூட்டுக்குச் சாவியாக வைக்கலாகாது.

ஆனால் நம்மில் எத்தனை பேருடைய ஏ.டி.எம். இரகசிய எண் பிறந்த தேதியாக இருக்கிறது? ஆறு இலக்கத்தில் பத்து இலட்சம் வெவ்வேறு எண்களை அமைக்கலாம். அத்தனையில் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். பிறந்த தேதியை மட்டும் வைப்பதென்றால், அறுபது ஆண்டுகளில் உள்ள எல்லா நாட்களையும் எண்ணினாலும் சுமார் 22 ஆயிரந்தான் வரும். அதிலும் வங்கி அட்டையும் அடையாள அட்டையும் ஒரே பணப்பையில் அல்லவா இருக்கின்றன? பை தொலைந்தால், எடுத்தவர் தேடவே வேண்டியதில்லை. அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கத்தை அழுத்திப் பார்ப்பார். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை அதன்மேலேயே தொங்கவிட்டது போலாகும். இன்றே மாற்றிவிடுங்கள். கல்யாண நாள், பிள்ளையின் பிறந்த நாள், 123456 ஆகியவையும் வேண்டாம்.

அடுத்து, எதை எவரிடமும் சொல்லலாகாது என்று பார்ப்போம். அவை மூன்று. ஒன்று, அட்டைக்குரிய ஆறு இலக்க எண். இரண்டு, இணைய வங்கிக்கும் சேமநிதிக் கணக்குக்கும் வைத்திருக்கும் இரகசியச் சொல். மூன்று, பணம் போகும் நேரத்தில் வங்கி நம் தொலைபேசிக்கு அனுப்பும் டி.ஏ.சி. எண். இந்த மூன்றாவது, அந்த ஒருமுறைக்கு மட்டுமே பயன்படும் சாவி. அதைக் கேட்டு வாங்கியவர், நம் சார்பில் “ஆம், பணத்தைக் கொடு” என்று வங்கியிடம் சொல்லிவிடுகிறார்.

குறுஞ்செய்தியில் வரும் இந்த எண்ணைத் திருடர்கள் பறிப்பது பெருகியதால், 2022-ஆம் ஆண்டு பேங்க் நெகாரா, அந்த முறையை விட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குக் கூறியது. அதனால் இப்போது பல வங்கிகளில், செயலியிலேயே “சம்மதம்” என்று அழுத்தச் சொல்லிக் கேட்கிறது. நாம் பணம் அனுப்பாதபோது அப்படிக் கேட்டால், வேறு யாரோ நம் கணக்கின் வாசலில் நிற்கிறார் என்று பொருள். பழக்கதோஷத்தில் அழுத்திவிடலாகாது. எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று படித்த பிறகே விரலை வைக்க வேண்டும்.

நேயர்களே, இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். நம் மக்களின் இரகசிய எண்ணைப் பல வேளைகளில் எவரும் திருடுவதில்லை. நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, வீட்டில் ஒரு சாவு, மோட்டார் சைக்கிள் தவணை. கையில் காசு இல்லை. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவரிடம் 500 வெள்ளி கேட்கிறோம். அவர் பத்திரம் கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. ஏ.டி.எம். அட்டையும் அதன் எண்ணும் போதும் என்கிறார். சம்பளம் விழுந்த அன்றே முதலில் எடுப்பவர் அவர். மீதியை நமக்குக் கொடுப்பார். மீதி போதாமல் மறுபடியும் அவரிடமே கடன் வாங்குவோம். உழைப்பவர் ஒருவர், சம்பள நாளில் இயந்திரத்தின் முன் நிற்பவர் வேறொருவர்.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அட்டையும் எண்ணும் வைத்திருப்பவர், வேறு எங்கோ ஏமாற்றிப் பறித்த பணத்தை நம் கணக்கில் வரவழைத்து எடுத்துக்கொள்ளலாம். மலாயில் ‘கெல்டாய் அக்காவுன்’ என்கிறார்கள்; பிறர் சுமையைச் சுமக்கும் கழுதை போன்ற கணக்கு. பணத்தை இழந்தவர் போலீசில் புகார் கொடுக்கும்போது, கணக்கில் இருப்பது வட்டிக்காரர் பெயரல்ல, நம் பெயர். “நான் அட்டையை மட்டுந்தான் கொடுத்தேன், பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது. 2024-ஆம் ஆண்டு குற்றவியல் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சட்டபூர்வமான காரணமின்றித் தன் வங்கி அட்டையையோ கணக்கையோ பிறர் கட்டுப்பாட்டில் விடுவதும் குற்றம், பிறருடையதைத் தன்னிடம் வைத்திருப்பதும் குற்றம். “உன் கணக்கை ஒரு மாதம் வாடகைக்குக் கொடு, சும்மா முந்நூறு வெள்ளி கிடைக்கும்” என்று நம் இளைஞர்களிடம் ஆசை காட்டுபவர்களும் இருக்கிறார்கள். வேலை கிடைக்காத பிள்ளைக்கு அது இனிப்பாக இருக்கும். பின்னர் நீதிமன்றத்தில் நிற்பவன் நம் பிள்ளையே.

கடன் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தேவை வரும்போது, உரிமம் பெற்ற இடத்தில் வாங்கலாம். 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கும் பலமாயிற்று. சிறு காசைச் சேர்த்துக் காக்க நம் மக்களுக்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஏற்கெனவே அட்டையை யாரிடமாவது கொடுத்திருந்தால் என்ன செய்வது? அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய், பழைய அட்டையை இரத்து செய்து புதிய அட்டையும் புதிய எண்ணும் கேளுங்கள். கணக்கில் நமக்குத் தெரியாத வரவு செலவு உண்டா என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள். பின்னர் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். மிரட்டுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். ஆகவே தனியே போகாமல், தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ கோயில் தலைவரையோ நம்பிக்கையான உறவினரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி, தொலைபேசி வழியே வரும் தந்திரங்களுக்கு வருவோம். வேடங்கள் பல, ஆயினும் நான்கைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றையும் இனங்காணலாம்.

முதலாவது, பயமுறுத்தல். வருமான வரி வாரியம், நீதிமன்றம், போலீஸ் என்று சொல்லி அழைப்பார்கள். “உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, இன்றைக்கே கைது” என்பார்கள். வேறோர் ‘அதிகாரி’க்கு இணைப்பை மாற்றிக் கொடுப்பார்கள். கடைசியில், “விசாரணை முடியும்வரை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்” என்பார்கள். உண்மையான அதிகாரி தொலைபேசியில் இரகசிய எண் கேட்பதில்லை. பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதுமில்லை. குடும்பத்துக்குச் சொல்லாதே என்று எவர் சொன்னாலும், அந்த நிமிடமே தொலைபேசியை வைத்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆசை காட்டல். அரசாங்க உதவித் தொகை வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று செய்தி வரும். பக்கம் அசல் போலவே இருக்கும். அங்கே இரகசியச் சொல்லை எழுதினால் அது நேராகத் திருடனுக்குப் போகும். செய்தியில் வந்த இணைப்பை அழுத்தாமல், வங்கியின் செயலியை நாமே திறந்து பார்ப்பது ஒன்றே நல்ல வழி.

மூன்றாவது, கல்யாணப் பத்திரிகை. வாட்ஸ்அப்பில் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். பெயரின் முடிவில் ‘ஏ.பி.கே.’ என்று இருக்கும். அது படமல்ல, பத்திரிகையுமல்ல. தொலைபேசிக்குள் குடியேறும் ஒரு செயலி. உள்ளே வந்ததும் “குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி தா” என்று கேட்கும். அனுமதித்தால் வங்கி அனுப்பும் எண்களை நமக்கு முன்பே அது படித்துவிடும். வீட்டு வேலைக்கு ஆள், மலிவு விலைச் சாமான் என்ற பெயரிலும் இதே கோப்பு வருவதுண்டு. செயலிகளைத் தொலைபேசியில் உள்ள அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

நான்காவது, தெரிந்தவர் வேடம். அண்ணன் மகளின் எண்ணிலிருந்தே செய்தி வரும்: “அத்தை, ஆறு இலக்க எண் ஒன்று தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்.” அனுப்பினால் நம் வாட்ஸ்அப் கணக்கு பறிபோகும். பிறகு நம் பெயரில் நம் சொந்தங்களிடம் பணம் கேட்பார்கள். இப்படிச் செய்தி வந்தால், அந்தப் பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, குரலைக் கேட்டு விசாரியுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்ற ஏற்பாடு உண்டு. நாமே ஓர் எண் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை விட்டு அதை இன்றே போடச் சொல்லுங்கள்.

நல்ல இரகசியச் சொல்லை எப்படி அமைப்பது? சிறியதாகவும் குழப்பமாகவும் இருப்பதைவிட, நீளமாகவும் நமக்கு நினைவில் நிற்பதாகவும் இருப்பது மேல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கை, வாளி, பேருந்து, மிருதங்கம் என்பது போல. அவற்றை ரோமன் எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் ஓர் எண்ணையும் ஒரு குறியையும் நுழைத்தால் போதும். வானொலியில் சொன்ன இதே நான்கு சொற்களை எவரும் வைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே!

வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறு என்று தனித்தனியே வையுங்கள். மின்னஞ்சலின் சொல்லைக் குறிப்பாகக் காக்க வேண்டும். மற்றக் கணக்குகளின் சொல் மறந்தால், புதியது வாங்க வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வரும். அது போனால் மற்றவையும் போகும். பெரியவர்களுக்கு நினைவில் நிற்கவில்லையென்றால், தாளில் எழுதி வீட்டில் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாம். பணப்பையிலோ அட்டையின் பின்புறத்திலோ எழுதலாகாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா பாட்டிக்கு உதவும்போது, எண்ணை அவர்களே அழுத்தட்டும். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவர்கள் தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு வாங்கிய பெரியவர் அடுத்த முறை நம்மிடம் கேட்கமாட்டார். இனிக்கப் பேசும் அந்நியனிடம் கேட்பார்.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் ஏமாற நேரலாம். அப்போது வெட்கப்பட்டு மூடி மறைப்பதே பெரிய நட்டம். திருடிய பணம் சில நிமிடங்களில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஆகவே அழுவதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். 997 என்ற எண், 2022-இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்துக்கு உரியது. அதற்கோ உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள். பல வங்கிகளின் செயலியில் நம் கணக்கை நாமே முடக்கும் வசதியும் உண்டு. பிறகு போலீஸ் புகார். அறியாதவருக்குப் பணம் அனுப்புமுன், அவருடைய கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் இட்டுப் பார்க்கலாம். அங்கே ஒன்றும் இல்லையென்றால் நல்லவர் என்று பொருளல்ல. இதுவரை புகார் வரவில்லை என்றே பொருள்.

நம் விவரங்களைக் காப்பது நம் கடமை மட்டுமல்ல, அவற்றைக் கேட்டு வாங்கும் நிறுவனங்களின் கடமையும் ஆகும். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் திருத்தப்பட்டது. தங்களிடமிருந்து விவரம் கசிந்தால் நிறுவனங்கள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் இருக்கிறது. ஆகவே கடையிலோ அலுவலகத்திலோ அடையாள அட்டையின் நகலைக் கேட்டால், “எதற்காக?” என்று மரியாதையாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நகல் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், இன்ன காரியத்துக்கு மட்டும் என்று அதன்மேல் குறுக்காக எழுதி, இரண்டு கோடு போட்டுக் கொடுங்கள்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து மூன்று காரியம் செய்யுங்கள். பிறந்த தேதியை இரகசிய எண்ணாக வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல வேண்டாம், ஆம் இல்லை என்றால் போதும். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளும் வீட்டில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். 997 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, எல்லாருடைய கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுங்கள். எழுத்தைப் பழகும் சிறு பிள்ளையே அதை எழுதட்டும்.